ஏறிப் பழகியவர் இறங்கும் பள்ளத்தாக்கு

கேள்வி: அரிசோனாவில் பணிபுரியும் மகனிடம் வரும் ஜூன் மாதம் செல்கிறேன். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இறங்கி, கொலராடோ ஆற்றைத் தொட்டுவிட்டு அன்றே மேலேறிவிடலாம் என்கிறான். எனக்கு வயது 54. ஆண்டுதோறும் வெள்ளியங்கிரி ஏறுகிறேன். அங்கே கூடாரமிட்டுத் தங்கத்தான் வேண்டுமா? (வாசகர் ஒருவர், கோவை)

பதில்: ஜூனில் ஆறுவரை இறங்க வேண்டாம், ஒரே நாளில் போய்த் திரும்புவது எந்த மாதத்திலும் வேண்டாம். வெள்ளியங்கிரியில் ஐந்தாவது மலையில் மூச்சு வாங்கினால் அங்கிருந்தே திரும்பிவிடலாம். கிராண்ட் கேன்யனில் காலைக் குளிரில் உற்சாகமாக இறங்குபவருக்குத் தம் உடலின் நிலை தெரிவதே அடிவாரத்தில்தான். அப்போது ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற்றம் தலைக்கு மேல் நிற்கும், இறங்க எடுத்ததைப்போல் இருமடங்கு நேரமும் பிடிக்கும். இறங்கத் தொடங்கும் இடமான பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இதமாக இருக்கும். இறங்க இறங்க வெப்பம் கூடி, கோடையில் ஆற்றங்கரையில் நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. பகலில் காய்ந்த பாறைச்சுவர்கள் இரவிலும் அனலை உமிழும். கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நடக்க வேண்டாம் என்று கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது.

பயணத்தை அக்டோபருக்குத் தள்ளிவைக்க முடிந்தால், சவுத் கைபாப் பாதையில் இறங்கி, அடிவாரத்தில் உள்ள பிரைட் ஏஞ்சல் முகாமில் தங்கி, மறுநாள் விடியுமுன் பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறுங்கள். முதல் பாதை சுமார் 11 கிலோமீட்டர்; வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இரண்டாவது பாதை சுமார் 15 கிலோமீட்டர். அதன் நடுவே மரநிழலும் தண்ணீரும் உள்ள ஹவசுபாய் கார்டன்ஸ் வருகிறது. அங்கே வாழ்ந்த ஹவசுபாய் பழங்குடி மக்களில் கடைசியாக இருந்தவரும் 1928இல் வெளியேற்றப்பட்டார். அவர்களுடைய பெயர் அவ்விடத்துக்குக் கிடைத்ததோ 2022இல்தான். இளைப்பாறும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம். குலுக்கல் முறையில் வழங்கப்படுவதால், நான்கு மாதங்களுக்கும் முன்பாகவே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குடிநீர்க் குழாய் அடிக்கடி உடையும். ஆகவே புறப்படுமுன் எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, நீரைச் சுத்திகரிக்கும் மாத்திரைகளையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே நடப்பதும் ஆபத்தே. வியர்வையில் உப்பு வெளியேறி, இரத்தத்தில் சோடியம் குறைந்து, குமட்டலும் மனக்குழப்பமும் ஏற்படும். முறுக்கு, உப்புக்கடலை போன்றவற்றை இடையிடையே தின்றுகொண்டே இருங்கள். விறகுத் தீ மூட்ட அனுமதியில்லை. கேஸ் அடுப்பு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதன் எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுசெல்ல முடியாதாகையால் அங்கேயே வாங்க வேண்டும். அணில்கள் பையைக் கடித்துக் கிழித்துவிடும். உணவை முகாமில் உள்ள உலோகப் பெட்டியில் பூட்டுங்கள். கோவேறு கழுதைகள் எதிர்ப்பட்டால் பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரின் பக்கம் நில்லுங்கள்.

ஜூன் பயணத்தை மாற்ற இயலாவிட்டால், விடியற்காலையில் பிரைட் ஏஞ்சல் பாதையில் முதல் ஓய்விடம் வரை, அதாவது சுமார் இரண்டரை கிலோமீட்டர் மட்டும் இறங்கி, வெயில் ஏறுமுன் விளிம்புக்குத் திரும்பிவிடுங்கள்.