ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி இருக்கும்போது தென்துருவம் எதற்கு?

ஆதிப் பிரபஞ்ச ஒளியின் முனைவாக்கத்தை (அதன் அலைகள் அதிரும் திசையை) அளக்கும் தொலைநோக்கியை ஊட்டியில் வைக்கக் கூடாதா என்று கோவை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வைத்தால் பயனிராது, காற்றின் ஈரமே தடை. ஊட்டி அருகே முத்தொரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி பெறும் 326.5 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மழைமேகத்தையும் கடந்து வந்துவிடும். ஆனால், பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் கிளம்பிய அந்த ஆதி ஒளியை, அதாவது பின்னணிக் கதிர்வீச்சை, 150 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் அளக்கும்போது, நீராவி அதை உறிஞ்சுவதோடு நில்லாமல் தானும் உமிழ்ந்து அளவீட்டைக் கலைக்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் நனையும் நம் மலைகளில் அதற்குத் தப்ப வழியில்லை. அந்த முனைவாக்கத்தில் தேடப்படும் ஈர்ப்பலைத் தடமோ (பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் எழுந்து வெளியையே அதிரவைத்த அலைகளின் சுவடு) ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், உணரிகளையே ஏறத்தாழ 0.3 கெல்வினுக்கு (முழுப்பூஜ்ய வெப்பநிலைக்குச் சற்றே மேல்) குளிர்விக்கிறார்கள். ஆகவேதான் 2,800 மீட்டர் உயரத்து வறண்ட தென்துருவமும் சிலியின் அட்டகாமாவும் தேர்வாயின.

அங்கும் விண்வெளித் தூசு ஏமாற்றும்: 2014-இல் தென்துருவத் தொலைநோக்கியான பைசெப்2-இன் குழு அறிவித்த ஈர்ப்பலைச் சமிக்ஞையில் பெரும்பகுதி நம் பால்வீதித் தூசினுடையது என்பதை, பிளாங்க் விண்கலத் தரவோடு சேர்த்து ஆராய்ந்து 2015-இல் அக்குழுவினரே வெளியிட்டது என் மதிப்புக்குரிய செயல்.