சாப்பிடச் சொன்னால் கோபப்படுகிறார், நான் என்ன செய்ய?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். என் கணவருக்கு நாக்கில் புற்றுநோய். மாரிக்கு முதல் ஆபரேஷன் செய்து நாக்கின் ஒரு பக்கத்தையும் கழுத்தில் கொஞ்சத்தையும் எடுத்தார்கள், பிறகு ஆறு கிழமை கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) பிடித்தார்கள், பொங்கலோடு அது முடிந்தது. இப்போதைக்கு நோய் இல்லை என்று டொக்டர் சொன்னபோது நான் கோயிலில் போய் அழுதேன், இனி எல்லாம் சரிவரும் என்று நினைத்தேன். ஆனால் வீட்டில் ஒன்றும் சரியில்லை.

இவர் வயல் செய்கிறவர். ஊரில் வடமோடிக் கூத்து என்றால் பாட்டுக்கு இவரைத்தான் கேட்டு வருவார்கள். இப்போது கதைத்தால் பாதி விளங்காது, அதனால் கதைப்பதே இல்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடுகிறார். பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வருகிறது. "இன்னும் ரெண்டு வாய்" என்று நான் கெஞ்சினால் கோப்பை பறக்கிறது. மாமி தொற்றிவிடும் என்று பிள்ளைகளை அவருக்குக் கிட்டே விடுவதில்லை, அவருடைய கோப்பை, தம்ளர் எல்லாம் வேறாக வைத்திருக்கிறார். போன கிழமை அவர் சாரத்து மடிப்பில் பாக்குத் துண்டு இருந்தது. கேட்டதற்கு ஒரு கடதாசியில் "என்னை விடு" என்று எழுதித் தந்தார். அவர் வாழ்க்கையை வெறுத்துவிட்டாரா, என்னை வெறுத்துவிட்டாரா, எனக்கு விளங்கவில்லை.

ஒரு தங்கச்சி

அன்புத் தங்கச்சி,

முதலில் அந்தக் கடதாசி. கோபத்தில் எழுதியதாகவும் இருக்கலாம், ஆனாலும் ஊகிக்காதீர்கள், ஆறுதலாக இருக்கும் நேரம் பார்த்து நேரடியாகவே கேளுங்கள்: "சாக வேணும் போல இருக்குதா?" கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி வருவதில்லை, கேட்டால் பெரும்பாலும் மனம் இலேசாகும். ஆம் என்று தலையாட்டினால் அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், தனியே விடாதீர்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் கதைக்கலாம். வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் இருவருக்கும் சண்டை அங்கேதான். கரண்ட் பிடித்த வாயில் எச்சில் வற்றிவிடும், ருசி போய்விடும், வெட்டிய நாக்கால் சோற்றை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தள்ள முடியாது, ஒரு கோப்பை முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும், அதற்குள் கடைவாயால் வழியும், இருமல் வரும். பிள்ளைகள் பார்க்கும்படி இதைச் செய்ய எந்த மனுசனுக்குத்தான் மனம் வரும்? அவர் கதவைச் சாத்துவது வெட்கத்தில், உங்கள் சமையலையோ உங்களையோ வெறுத்து அல்ல. நீங்கள் அன்பில் சொல்லும் "இன்னும் ரெண்டு வாய்" அவருக்கு "இதுகூட உன்னால் ஏலாதா" என்று கேட்கிறது.

ஆகவே சாப்பாட்டையும் கூடியிருப்பதையும் பிரித்துவிடுங்கள். அவர் முதலே தனியாக, தன் வேகத்தில் சாப்பிடட்டும், எவ்வளவு மிச்சம் என்று கோப்பையை எட்டிப் பார்க்க வேண்டாம். பிறகு நீங்களும் பிள்ளைகளும் சாப்பிடும்போது வெறும் தண்ணீர்ப் போத்தலோடு வந்து இருக்கச் சொல்லுங்கள். மூன்று நேரச் சோறு என்ற கணக்கை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு தரம் கொடுங்கள். பருப்பும் மீனும் போட்டு நன்றாக அவித்து அரைத்த கஞ்சி, சொதியில் ஊறவைத்துப் பிசைந்த இடியப்பம், முட்டை, கட்டித் தயிர் (புளிக்காதது), இவை இறங்கும். தூளும் புளியும் எரியும், பொரித்ததும் காய்ந்த புட்டும் குத்தும். கிழமைக்கொரு தரம் நிறை பாருங்கள், நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு அதுதான். நிறை இறங்கினால், அல்லது தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் புரைக்கேறினால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காதீர்கள், சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நியூமோனியா வரும். விழுங்குவதைப் பார்த்துப் பயிற்சி தரும் பேச்சு சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மூக்கால் குழாய் வைக்கச் சொன்னாலும் அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம், உடம்பு தேறும்வரைதான் பலருக்கு அது தேவைப்படும். ருசி பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும். எச்சில் பழையபடி முழுதாக வராமலும் போகலாம், அதையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து, சாப்பிட்ட பிறகும் படுக்க முதலும் கொப்பளித்துத் துப்பட்டும். வாய் திறக்கும் பயிற்சியை விட்டால் தாடை இறுகிவிடும். இன்னொன்று, பல் வலித்தால் கரண்ட் பிடித்ததைச் சொல்லாமல் எங்கேயும் போய்ப் பிடுங்கக் கூடாது, தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும். கழுத்துக்குக் கரண்ட் பிடித்தவர்களில் பலருக்குத் தைரொயிட் மந்தமாகும், சோர்வும் மனம் விழுவதும் அதனாலும் வரும், இரத்தத்தில் பார்த்துவிடலாம், கேளுங்கள்.

மாமியின் பயத்துக்கு ஒரே பதில், புற்றுநோய் தொற்றாது. ஒரே தம்ளரில் குடித்தாலும், பிள்ளை மடியில் படுத்தாலும், முத்தம் கொடுத்தாலும் தொற்றாது. நீங்கள் சொன்னால் எடுபடாது என்றால் அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிப் போய் நேர்ஸ் வாயால் சொல்ல வையுங்கள். அந்த வேறு கோப்பையை அவர் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார், தங்கச்சி.

பாக்கு விசயம் கொஞ்சம் கடினம். "புகையிலை இல்லை, வெறும் பாக்குத்தானே" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது, தப்பிய வாயில் இன்னோரிடத்தில் திரும்ப வரலாம். ஆனால் அது பழக்கம் மட்டுமல்ல, அடிமைப்படுத்தும் பொருள். மடிப்பைத் தேடாதீர்கள், ஒளிக்கத்தான் பழகுவார். வெற்றிலை வட்டாவை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள், மாமி போடுகிறவர் என்றால் அவரும் விடட்டும், மகனுக்காக. இவ்வளவு காலம் வெற்றிலை போட்ட யாராக இருந்தாலும் வாயில் வெள்ளையோ சிவப்போ படர்ந்தால், இரண்டு கிழமையாகப் புண் ஆறாவிட்டால், ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் காட்ட வேண்டும்.

கூத்துப் பாட்டு போனதுதான் இதில் பெரிய இழப்பு என்று எனக்குப் படுகிறது, நீங்கள் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். அதற்காக அவர் அழட்டும், "உயிர் தப்பியதே போதும்" என்று வாயை அடைக்காதீர்கள். தாளம் அவர் கையில் இருக்கிறது, ஆட்டம் காலில் இருக்கிறது, பிழை எங்கே என்று காதுக்குத் தெரியும். அடுத்த முறை கூத்துப் பழக்கும்போது வந்து சல்லரி போடச் சொல்லி, பிள்ளைகளின் ஆட்டம் பார்த்துத் திருத்தச் சொல்லி அண்ணாவியாரைக் கேட்க வையுங்கள். நீங்கள் கேட்டால் மறுப்பார், அண்ணாவியார் கேட்டால் யோசிப்பார்.

உங்களைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. கிளினிக் நாளில் கூட வர ஒரு சகோதரத்தையோ பக்கத்து வீட்டாரையோ பிடியுங்கள், இரவில் நித்திரை கொள்ளுங்கள். நிறை எவ்வளவு, நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்கு அவர் என்ன பதில் சொன்னார், இரண்டையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா