அழைப்பில்லாமல் அடுத்தவர் தோட்டத்துக்குள் போகலாமா?

அன்புத் தங்கைக்கு,

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமத்துக்குக் குடிவந்த முதல் கோடையிலேயே உங்கள் வீட்டுக் கதவிடுக்கு வழியாக அந்தத் துண்டுப் பிரசுரம் வந்து விழுந்திருக்கிறது. ஜூன் கடைசிச் சனி, ஞாயிறு. பன்னிரண்டு வீட்டுத் தோட்டங்களை ஊரார் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு ஆறு பவுண்டு. வசூலில் பாதி தேவாலயக் கூரைக்கு, பாதி பக்கத்து ஊர் ஹாஸ்பிஸுக்கு, அதாவது தீராத நோயாளிகளைக் கடைசி நாட்களில் கவனிக்கும் இல்லத்துக்கு. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள் எப்படி நுழைவது, ஏழு வயது மகளைக் கூட்டிப் போகலாமா, பக்கத்து வீட்டு அம்மா கேக் செய்து தரக் கேட்கிறாரே என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களோடு வேலை செய்யும் நம்மவர் ஒருவர் "அதெல்லாம் அவர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு" என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். அந்த நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அதிலும் நீங்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். உங்களைவிட உரிமையோடு அந்த வாசலில் நுழையத் தகுந்தவர் யாருமில்லை. காரணம் சொல்கிறேன்.

1859ஆம் ஆண்டு லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், மரணப் படுக்கையில் இருந்த தம் மனைவியைப் பார்த்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற செவிலியரை வேலைக்கு அமர்த்தினார். மனைவி போன பிறகு, காசு உள்ள தன் வீட்டிலேயே இவ்வளவு ஆறுதல் தந்த இந்தக் கவனிப்பு ஏழை வீட்டுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, அதே செவிலியரை நகரத்தின் ஏழைக் குடும்பங்களைப் பார்க்க அனுப்பினார். நீங்கள் இன்று செய்யும் வேலை இந்த நாட்டில் அப்படித்தான் தொடங்கியது. விக்டோரியா ராணியின் பொன்விழாவை ஒட்டி 1887இல் இந்தச் செவிலியர்களுக்காக ஒரு நிறுவனம் உருவானது. அரசு மருத்துவச் சேவை வந்தது 1948இல்தான். அதுவரை செவிலியரின் சம்பளம், பயிற்சி, ஓய்வுக்காலம் எல்லாவற்றுக்கும் நன்கொடையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1926இல் அந்த நிறுவனத்தின் குழுவில் இருந்த எல்ஸி வாக் என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார்: நாட்டில் இத்தனை அழகான தோட்டங்கள் பூட்டிக் கிடக்கின்றன, ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டால் என்ன? அடுத்த ஆண்டு 609 தோட்டங்கள் திறந்தன. 8,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அன்றைக்கு அது பெரிய பணம்.

அதுதான் இன்றைய நேஷனல் கார்டன் ஸ்கீம். ஏறத்தாழ 3,500 தோட்டங்கள் அதில் இருக்கின்றன. பணம் மேக்மில்லன், மேரி க்யூரி போன்ற, செவிலியர்களை வைத்து நடக்கும் அறக்கட்டளைகளுக்கும் போகிறது. சாலையோரத்தில் மஞ்சள் நிற அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் அது அவர்களுடைய தோட்டம் என்று கொள்ளுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் நடத்துவது அநேகமாகத் தனி ஏற்பாடு. பல கிராமங்கள் தாங்களாகவே கூடி இப்படி நடத்துகின்றன. ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு தோட்டக் கதவைத் திறக்கும் இந்த வழக்கம் உங்கள் தொழிலுக்காக வேரூன்றியது. பாதிப் பணம் ஹாஸ்பிஸுக்குப் போகிறது என்பதையும் கவனியுங்கள். இங்கே ஹாஸ்பிஸ்களுக்கு அரசு தருவது செலவில் ஒரு பகுதிதான். மீதியை மக்கள் இப்படிக் கேக் விற்றும் தோட்டம் திறந்தும் சேர்க்கிறார்கள். உங்கள் நோயாளிகளில் யாராவது ஒருவர் கடைசி நாட்களை அங்கே கழிக்கக்கூடும்.

தேவாலயக் கூரை என்றதும் தயங்க வேண்டாம். இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்கள் பல நூற்றாண்டுப் பழமையானவை. அவற்றைப் பழுதுபார்க்கும் சுமை பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சபையின் தலையில்தான் விழுகிறது. கூரையின் ஈயத் தகட்டைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போவதும் நடக்கிறது. டிக்கெட் மேசையோ தேநீரோ தேவாலயத்துக்குள்ளேயே இருக்கலாம். யாரும் உங்களைப் பிரார்த்தனைக்கு அழைக்க மாட்டார்கள். நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் அங்கே தேநீர்க் கோப்பை கழுவுகிறேன்.

இனி, முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் நுழையும் கூச்சம். இந்த ஊர்களில் வருடம் முழுவதும் கதவுகள் மூடியேதான் இருக்கும். சாலையில் எதிர்ப்பட்டால் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போகும் பழக்கம் கிடையாது. அதை வெறுப்பு என்று நம்மவர்கள் பலர் எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படியே பத்து ஆண்டு கழித்தவர்களையும் எனக்குத் தெரியும். இந்த இரண்டு நாளில் மட்டும் அதே மனிதர்கள் பக்கவாட்டுக் கதவை விரியத் திறந்து, வருகிறவர்களுக்காக நாற்காலி போட்டுக் காத்திருப்பார்கள். யாரும் வராமல் போவதுதான் அவர்களுக்கு வருத்தம். ஜனவரியிலிருந்தே பாடுபட்டிருப்பார்கள். மே கடைசியில் சில செடிகளின் தலையை வேண்டுமென்றே வெட்டிவிடுவார்கள், பூப்பது தள்ளிப்போகட்டும் என்று. செல்சி மலர்க் கண்காட்சி நடக்கும் நேரத்தில் செய்வதால் அதைச் 'செல்சி சாப்' (செல்சி வெட்டு) என்றே சொல்கிறார்கள்.

வழியில் எங்காவது டிக்கெட் வாங்கினால் ஒரு வரைபடம் தருவார்கள். சில ஊர்களில் கையில் காகிதப் பட்டை கட்டிவிடுவார்கள். அதன்பின் எந்தத் தோட்டத்துக்கும் மறுபடி காசு கேட்க மாட்டார்கள். தனியாக மணி அடிக்கவோ கதவைத் தட்டவோ தேவையில்லை; கேட்டில் பலூனோ எண் எழுதிய அட்டையோ இருக்கும், அதுதான் வழி. தோட்டம்தான் திறந்திருக்கிறது, வீடு இல்லை. சன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. கழிப்பறை பெரும்பாலும் ஊர் மண்டபத்தில் மட்டுமே இருக்கும். மகள் வருகிறாள் என்பதால் வரைபடத்தில் முதலில் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பூவையோ விதையையோ பறிக்கவே கூடாது, உதிர்ந்து கிடந்தாலும் கேட்டுவிட்டு எடுங்கள். செடிகளைப் படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. வீட்டு மனிதர்களையோ மற்றவர்களின் பிள்ளைகளையோ படத்தில் சேர்ப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

பெரிய வீட்டுத் தோட்டத்தில் தொடங்காதீர்கள். எல்லோரும் அங்கேதான் முதலில் ஓடுவார்கள். வரைபடத்தின் ஓரத்தில், சின்ன வீடு ஏதாவது இருக்கும், அங்கே போங்கள். எங்கள் ஊரில், ஷ்ராப்ஷயரில், தேவாலயத்துக்குப் பின்சந்தில் ஓர் அம்மா இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். பின்பக்கம் இரண்டு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் இடம். அதற்குள் ஹேசல் குச்சிகளை வட்டமாக நட்டு, உச்சியில் நூலால் கட்டி, ஸ்வீட் பீ கொடியை ஏற்றியிருப்பார். ஊதா, வெளிர் சிவப்பு, வெள்ளை என்று பூக்கள். வாசலில் நிற்கும்போதே மணம் வந்து முகத்தில் மோதும். அவர் கையில் எப்போதும் சின்னக் கத்தரி இருக்கும். "நிற்காமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், விதை பிடிக்க விட்டால் வேலை முடிந்தது என்று கொடி பூப்பதை நிறுத்திவிடும்" என்பார். வெட்டிய பூவை வருகிறவர்களின் பிள்ளைகள் கையில் கட்டாகக் கொடுத்துவிடுவார். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு போய் ஓடில்லா நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போடும் கதையையும் சொல்வார். பூவைவிட அந்த நத்தைக் கதையில்தான் அவருக்கு உற்சாகம். கடைசியில் மக்கு உரப் பெட்டியின் மூடியைத் திறந்து காட்டுவார். முகம் சுளிக்காமல் குனிந்து பாருங்கள். தோட்டக்காரர் ஒருவர் தம் உரக்குழியைத் திறந்து காட்டினால் உங்களை மதித்துவிட்டார் என்று பொருள்.

பேச என்ன இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர்களும் நன்றி சொல்லி முடித்துவிடுவார்கள். ஒரு செடியைக் காட்டி, "இதன் பெயர் என்ன? இந்த நிழலில் எப்படி வளர்கிறது?" என்று கேளுங்கள், கால் மணி நேரம் போய்விடும். வாரம் கழித்து அதே மனிதரைச் சாலையில் பார்க்கும்போது பேச்சைத் தொடர ஒரு விஷயம் இருக்கும். எனக்குக் கிடைத்த நெருக்கங்களில் பெரும்பாலானவை இப்படிச் செடியிலிருந்து தொடங்கியவைதான்.

மகளைத் தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள். பல ஊர்களில் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை; தோட்டங்களுக்குள் ஒளித்து வைத்த பொம்மையைக் கண்டுபிடிக்கும் விளையாட்டும் இருக்கும். இரண்டில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒன்று குளம், சின்னக் குளத்துக்குப் பெரும்பாலும் வேலி இருக்காது. மற்றொன்று ஃபாக்ஸ்குளோவ். ஆளுயரத் தண்டில் மணி மணியாக ஊதாப் பூ தொங்கும். உள்ளே புள்ளி இருக்கும். பிள்ளைகள் விரலை விட்டுப் பார்க்க ஆசைப்படுவார்கள். செடி முழுவதும் நஞ்சு. நீங்கள் இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிகாக்ஸின் இந்தக் குடும்பத்துச் செடியிலிருந்து வருவதுதான். அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த வில்லியம் விதரிங் எங்கள் ஷ்ராப்ஷயரில் பிறந்தவர். இங்கே ஒரு மூதாட்டி வைத்திருந்த குடும்ப மருந்துக் கலவையைக் கேள்விப்பட்டு ஆராய்ந்து, 1785இல் நூலாக எழுதினார். இதைத் தோட்டக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், உங்களை விடவே மாட்டார்.

கேக் விஷயத்துக்கு வருகிறேன். கேட்டார் என்றால் உங்களைச் சேர்த்துக்கொண்டார் என்றுதான் அர்த்தம், மறுக்காதீர்கள். கேக் சுடும் ஓவன் பழக்கமில்லை என்றால் வேறு வேலை கேளுங்கள். தேநீர் மேசைக்கு எப்போதும் ஆள் பற்றாது. கோப்பை கழுவ, தட்டு எடுக்க, வண்டி நிறுத்தும் வயலில் வழிகாட்ட, எல்லாவற்றுக்கும் ஆள் தேடுவார்கள். என்னைக் கேட்டால் கோப்பை கழுவும் இடமே உயர்ந்தது, ஊர்ச் செய்தி முழுவதும் அங்கேதான் வந்து சேரும். ஏதாவது செய்துதான் கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் முட்டையில்லாத கேக் செய்து, என்னென்ன சேர்த்தீர்கள் என்று சீட்டில் எழுதி வையுங்கள். கோதுமை, பால், கொட்டை வகை மூன்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை: மூன்றரை மணிக்கு மேல் போனால் நல்ல கேக் எதுவும் மிஞ்சியிருக்காது.

சில்லறை கொண்டுபோங்கள். கார்டு இயந்திரம் இருந்தாலும் கிராமத்தில் சிக்னல் கிடைப்பது நிச்சயமில்லை. மழை பெய்தாலும் நிகழ்ச்சி நடக்கும், புல்லில் நடக்கத் தோதான காலணி போடுங்கள். ஜூன் மாதம் புல் மகரந்தம் உச்சத்தில் இருக்கும். இங்கு வந்த சில ஆண்டுகளில் நம்மவர்கள் பலருக்குத் திடீரென்று தும்மலும் கண் எரிச்சலும் வரும், உங்களுக்கோ மகளுக்கோ அப்படி இருந்தால் காலையிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பக்கத்துக் கிராமங்களுக்கும் போக ஆசை இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் மேசையில் கிஃப்ட் எய்ட் படிவம் நீட்டி நன்கொடை கேட்டால், நீங்கள் இங்கே வருமான வரி கட்டுபவர் என்பதால் கையெழுத்திடலாம். உங்கள் நன்கொடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து அறக்கட்டளைக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

செடி விற்கும் மேசைக்குச் சீக்கிரம் போங்கள். ஊர்த் தோட்டங்களில் பிரித்து நட்ட செடிகள் அங்கே கடை விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும். முக்கியமாக, உங்கள் மண்ணிலும் குளிரிலும் ஏற்கெனவே பிழைத்த செடிகள் அவை. ஜெரேனியம் ஒன்று வாங்கி வையுங்கள். புதியவர்களை அது ஏமாற்றாது.

வாசலில் கறிவேப்பிலைத் தொட்டியும் நான்கு மிளகாய்ச் செடியும் மட்டும்தான் இருக்கின்றன, அதைத் தோட்டம் என்று சொல்ல முடியுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எங்கள் தோட்டக் கதவையும் நான் அந்த இரண்டு நாட்கள் திறக்கிறேன். ரோஜாவைப் பார்க்க வருகிறவர்கள் கறிவேப்பிலைத் தொட்டிக்கு முன்னால்தான் கூட்டமாக நிற்கிறார்கள். ஓர் இலையைக் கசக்கி முகரக் கொடுத்தால் போதும், உறைபனிக்கு முன் எப்போது வீட்டுக்குள் எடுப்பீர்கள், குளிர்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று கேள்வி மேல் கேள்வி. தோட்டம் திறக்க அளவுக் கட்டுப்பாடு எதுவும் உங்கள் ஊர்க் குழுவில் இருக்க வாய்ப்பில்லை. இந்த ஆண்டு பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த ஆண்டு வரைபடம் இளவேனிலிலேயே அச்சாகிவிடும் என்பதால், பெயர் கொடுப்பதாக இருந்தால் பிப்ரவரியில் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.