டெட்ராய்ட் டார்க் ரெட் பீட்ரூட் கிழங்கில் வெள்ளை வளையம்: விதை மாறிவிட்டதா?

வளையத்தை மட்டும் வைத்து விதை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. டெட்ராய்ட் டார்க் ரெட் ரகத்திலும் வெளிறிய வளையங்கள் வரும்.

பெரும்பாலும் வெயில்தான் காரணம். பீட்ரூட்டில் நிறம் நன்றாக ஏறுவது 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரையான குளிரில். கிழங்கு பருக்கிற நேரத்தில் சூடு அதிகமானால் சிவப்பு குறைந்து, வளையங்கள் பளிச்சென்று தெரியும். கடைசி இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

சந்தேகம் தீர, வெட்டாமலே இலைக்காம்பைப் பாருங்கள். அடர் சிவப்பாக இருந்தால் டெட்ராய்ட்டாகவோ அதுபோன்ற வேறு சிவப்பு ரகமாகவோ இருக்கும். பச்சையில் இளஞ்சிவப்புக் கோடு ஓடினால் அது கியோஜா, இத்தாலிய ரகம். அதற்கு சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வருவதுதான் அழகே! (வேகவைத்தால் அந்த அழகு போய்விடும், பச்சையாகச் சீவித்தான் சாப்பிட வேண்டும்.)

அப்புறம், வடிவமும் கொஞ்சம் உதவும். டெட்ராய்ட் உருண்டை, கிராஸ்பி எகிப்தியன் சற்றுத் தட்டை, சிலிண்ட்ரா நீளம். ஆனால் நெருக்கமாக வளர்ந்தால் எந்த ரகமும் கோணல்மாணலாகிவிடும். பீட்ரூட்டில் நாம் விதை என்று ஊன்றுவது பெரும்பாலும் பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒரு குழியில் மூன்று நான்கு நாற்று முளைக்கும். ஒன்றை விட்டு மற்றதைக் களையாவிட்டால் வடிவத்தை நம்பாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஒரே கிழங்கை வெட்டி முடிவு கட்டாதீர்கள். ஐந்தாறு வெட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் கோடு போட்டது போல இருந்தால் விதையில் கலப்பு இருக்கலாம். எல்லாமே மங்கலாக வெளிறியிருந்தால் வெயில்தான். சாப்பிடத் தாராளமாக ஆகும்.