‘நலமா’ என்று கேட்காதீர்கள்: பனிப்புயலும் மின்தடையும் – கேள்வி பதில்

மின்கம்பி பழுதுபார்க்கும் பணியில் 26 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். புயல் இரவுகளில் பாதியைக் கம்பத்தின் உச்சியில் கழித்தேன். மீதியை எல்லோரையும் போல இருண்ட வீட்டில் கழித்தேன். கடும்பனிப் புயலில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்பது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பட்டறிந்ததைச் சொல்கிறேன். மருந்து, நோய் பற்றியவற்றில் உங்கள் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

புதுக்குடித்தனம்: இந்தத் தெருவுக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. யாரையும் தெரியாது. நாளை இரவு புயல் என்கிறார்கள். இப்போது போய்க் கதவைத் தட்டினால் தவறாக நினைக்கமாட்டார்களா?

நினைக்கமாட்டார்கள். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டுவதற்குப் புயல் எச்சரிக்கையைவிட நல்ல சாக்கு கிடையாது. இன்றே போங்கள், வெளிச்சம் இருக்கும்போதே. மூன்று விஷயம் போதும்: வீட்டில் எத்தனை பேர், மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி எதுவும் உண்டா, விறகடுப்பு போல மின்சாரம் இல்லாமல் சூடு தரும் ஏதாவது இருக்கிறதா. தொலைபேசி எண்களைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கைப்பேசி அணைந்த பிறகு அதற்குள் இருக்கும் எண்ணால் பயனில்லை.

2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தை ஒரு பனிப்புயல் புரட்டிப் போட்டது. அப்போது நகருக்கு வெளியே, தென்கொரியப் பயணிகள் வந்த வேன் பனியில் சிக்கிக்கொண்டது. அவர்கள் அருகிலிருந்த வீட்டைத் தட்டிக் கேட்டது பனி அள்ள ஒரு மண்வெட்டி மட்டுமே. வெளியே இருந்த நிலையைப் பார்த்த வீட்டுக்காரர், ஓட்டுநரோடு சேர்த்துப் பத்துப் பேரையும் உள்ளே அழைத்துப் படுக்க இடம் கொடுத்தார். உங்களுக்காவது சொந்த வீட்டுக் கூரை இருக்கிறது. கூச்சம் வேண்டாம்.

எதிர்வீடு: எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெரியவர் தனியாக இருக்கிறார். எப்போது கேட்டாலும் ‘நன்றாக இருக்கிறேன், ஒன்றும் வேண்டாம்’ என்கிறார். அதை நம்பி விட்டுவிடலாமா?

நம்பாதீர்கள். நான் ஒருமுறை நம்பினேன்.

மின்சாரம் போன இரண்டாம் நாள் காலை. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவை ஒரு சாண் திறந்து, ‘நலம், நலம்’ என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். படியிறங்கிப் பாதி வழி வந்த பிறகுதான் மனதில் ஏதோ நெருடியது. அவர் சட்டையின் பொத்தான்கள் ஒரு துளை தள்ளிப் போடப்பட்டிருந்தன. கழுத்துப்பட்டை ஒரு பக்கம் காதுவரை ஏறியிருந்தது. அவர் வீட்டுக்குள்ளும் மடிப்புக் கலையாமல் உடுத்துகிறவர். திரும்பிப் போய், ‘ஐயா, நேற்று இரவு எந்த அறையில் படுத்தீர்கள்?’ என்று கேட்டேன். பதில் வர நேரமாயிற்று. வந்த பதிலும் குழறியது. உள்ளே போனால் பேசும்போதே வாயிலிருந்து ஆவி பறந்தது. சுவரில் வெப்பமானி 8 டிகிரி காட்டியது. அவர் நடுங்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்குகிறது. முதலில் நடுக்கம், பிறகு விரல்களில் தடுமாற்றம், பேச்சில் குழறல், யோசனையில் மந்தம். இன்னும் இறங்கினால் நடுக்கம் நின்றுவிடும். பார்ப்பவர் ‘சரியாகிவிட்டது’ என்று நினைப்பார். உண்மையில் உடல் தோற்றுக்கொண்டிருக்கும். வயதானவர்களுக்கு நடுக்கம் சரியாக வராமலே போவதும் உண்டு. பாதிக்கப்பட்டவருக்கே தன் நிலை தெரியாது என்பதால் ‘நலமா’ என்ற கேள்வி வீண். ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லித் தப்ப முடியாத கேள்வியாகக் கேளுங்கள்: எந்த அறையில் படுத்தீர்கள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தண்ணீர்க்குழாய் ஓடுகிறதா. இன்னும் நல்லது, ‘கை உறைந்துவிட்டது, ஒரு நிமிடம் உள்ளே வரட்டுமா’ என்று நீங்களே உதவி கேட்பது. உதவி வாங்கக் கூசுகிறவர்களில் பலர் உதவி செய்யக் கூசுவதில்லை.

அப்படி யாரையாவது பார்த்தால் உடனே அவசர உதவியை அழையுங்கள். வரும்வரை ஈரத்துணி இருந்தால் மாற்றி, மார்பு, கழுத்து, தலை ஆகியவற்றை முதலில் போர்த்திச் சூடாக்குங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் இளஞ்சூடாக இனிப்பு கலந்த பானம் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்காதீர்கள். மது கூடாது, சூடு ஏறுவதுபோலத் தோன்றச் செய்து உடலின் வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

வாடகை வீட்டுக்காரர்: எங்கள் வீட்டில் எரிவாயு ஹீட்டர். மின்சாரம் போனாலும் ஓடும் அல்லவா?

பெரும்பாலும் ஓடாது. எரிவது எரிவாயு என்றாலும் காற்றைத் தள்ளும் விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். எரிவாயு அடுப்பைக் கொளுத்தி அறையைச் சூடாக்கலாம் என்று அடுத்து யோசிப்பீர்கள். வேண்டாம். காரணம் அடுத்த பதிலில்.

சங்கடத்தில் இருப்பவர்: பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரைக் கார் கொட்டகைக்குள் ஓடவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்திருக்கிறார். சொன்னால் கோபித்துக்கொள்வார். நல்ல மனிதர், எங்களுக்கும் அதிலிருந்து மின்சாரம் தருகிறார்.

கோபித்துக்கொள்ளட்டும். இப்போதே போய்ச் சொல்லுங்கள். கதவு பாதி திறந்திருந்தாலும் முழுதாகத் திறந்திருந்தாலும் ஒன்றுதான். ஜெனரேட்டர் புகையிலும், அறையைச் சூடாக்கக் கொளுத்தும் அடுப்பிலும் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஏதோ காய்ச்சல் வரப்போவதுபோல இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்து, வெளியே போனால் குறைகிறது என்றால் அது காய்ச்சல் அல்ல. அனைவரும் வெளியேறி அவசர உதவியை அழைக்க வேண்டும். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்தபோது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் கடுங்குளிருக்குப் பலியானவர்கள். ஆனால் குளிருக்குத் தப்ப வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும், கொட்டகையில் காரை ஓடவிட்டும் இந்த வாயுவுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு.

ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் இருக்கட்டும். புகைக்குழாய் யார் ஜன்னலையும் பார்க்கக் கூடாது, உங்கள் ஜன்னல் உட்பட. எரிபொருள் ஊற்றும் முன் அணைத்து ஆறவிட வேண்டும். மின்கலத்தில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி உங்களிடம் கூடுதலாக ஒன்று இருந்தால் அதையே கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள். அறிவுரையைவிட அது எளிதாக உள்ளே போகும்.

இன்னொன்று, இது என் சொந்தக் கோபம். சிலர் இரு முனையிலும் பிளக் வைத்த கம்பியால் ஜெனரேட்டரைச் சுவரிலுள்ள சாக்கெட்டில் இணைத்து வீடு முழுவதற்கும் விளக்கேற்றுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இரு திசையிலும் வேலை செய்யும். உங்கள் வீட்டு 240 வோல்ட், தெருக்கம்பிக்கு ஏறும்போது பல ஆயிரம் வோல்ட்டாகிவிடும். செத்த கம்பி என்று நம்பி அதில் கை வைப்பவன் என்னைப் போன்ற ஒருவன். வீட்டைத் தெருக்கம்பியிலிருந்து துண்டிக்கும் தனி மாற்று சுவிட்ச் பொருத்தாமல் வீட்டு இணைப்பில் ஜெனரேட்டரைக் கோக்காதீர்கள். நேராக ஜெனரேட்டரிலிருந்தே கம்பி இழுத்துக் கருவிகளை ஓட்டுங்கள்.

ஒரே ஜெனரேட்டரை நான்கு வீடுகள் பகிரலாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டியதில்லை. மூடியே வைத்தால் ஒவ்வொரு ஃப்ரிட்ஜுக்கும் முறை வைத்து அவ்வப்போது ஓரிரு மணி நேரம் கொடுத்தாலே தாக்குப்பிடிக்கும். எரிபொருளை நால்வரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். வைத்திருப்பவர் தலையில் கட்டாதீர்கள்.

கைவினைப் பிரியர்: மெழுகுவர்த்திகளின் மேல் மண்தொட்டியைக் கவிழ்த்து வைத்தால் அறை சூடாகும் என்கிறார்களே?

தொட்டி சூடாகும், அறை ஆகாது. ஒரு மெழுகுவர்த்தி தரும் வெப்பம் 100 வாட்டைக்கூட எட்டாது. மேலே எதைக் கவிழ்த்தாலும் அது கூடப்போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். அவர் கவிழ்ந்து தீப்பற்றவும் மாட்டார். எனவே இரண்டு குடும்பங்கள் ஒரே சிறிய அறையில் கூடுங்கள். ஏழு பேர் என்றால் ஒரு சிறிய ஹீட்டர் ஓடுவதற்குச் சமம். ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணி சுருட்டி வையுங்கள். குழந்தைகளுக்கு அறைக்குள்ளேயே ஒரு கூடாரம் கட்டிவிட்டால் உள்ளே இன்னும் கதகதப்பாக இருக்கும், அவர்களும் நச்சரிக்கமாட்டார்கள்.

மகள்: அம்மா இன்சுலின் போடுகிறார். மேல்வீட்டு அம்மாவுக்கு ஆக்சிஜன் கருவி. ஃப்ரிட்ஜ் ஓடாதே என்று கவலையாக இருக்கிறது.

ஃப்ரிட்ஜைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், உறைவதைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. ஜன்னலோரத்திலோ வெளியே பனியிலோ வைக்காதீர்கள். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் சாதாரண அறை வெப்பத்தில் நான்கு வாரம் வரை தாங்கும். உறையில் உள்ளதைப் பாருங்கள். அறை உறைநிலைக்கு இறங்கினால் உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக்சிஜன் கருவி வேறு கதை. மின்சாரம் போன நொடியிலேயே நின்றுவிடும். மாற்று சிலிண்டர் இருக்கிறதா, எத்தனை மணி நேரம் வரும் என்று இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிலிண்டர் பாதியாகும்வரை காத்திருக்காமல், மின்சாரம் உள்ள இடத்துக்கு அவரை அழைத்துச் செல்ல யார் கார் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஆக்சிஜன் இருக்கும் அறையில் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது.

பதினோராம் மாடி: அடுக்குமாடியில் என்ன செய்வது?

லிஃப்ட் மட்டுமல்ல, தண்ணீர் மேலே ஏற்றும் பம்பும் நின்றுபோகும். புயலுக்கு முன்பே குளியல் தொட்டியை நிரப்புங்கள். பனியை உருக்கிக் கழிப்பறைக்கு ஊற்றலாம் என்றால், பொலபொலவென்ற புதுப்பனி பத்து வாளி உருகினால் ஒரு வாளித் தண்ணீர் தேறும். அதைப் பதினோரு மாடி சுமக்க வேண்டும். மாடிக்கு ஒருவர் என்று பொறுப்பேற்று, காலையும் மாலையும் தம் மாடிக் கதவுகளை மட்டும் தட்டினால் போதும். கால் முடியாதவர்களுக்கான மருந்தும் உணவும் கீழிருந்து கைமாறிக் கைமாறி ஏறட்டும்.

சமையலறை: உணவு எவ்வளவு நேரம் தாங்கும்?

திறக்காத ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம். நிறைந்த உறைபெட்டி (ஃப்ரீசர்) 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24. முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். உருகத் தொடங்கியதையெல்லாம் அடுத்த வீடுகளோடு சேர்ந்து சமைத்துத் தீர்த்துவிடுவதே நல்லது. எங்கள் தெருவில் மக்கள் மிக நன்றாகச் சாப்பிட்ட நாட்கள் மின்தடையின் இரண்டாம் நாட்கள்தான்.

இளைஞர்: தெருவில் எல்லோர் வாசலிலும் பனி அள்ளித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நல்ல காரியம். ஈரப்பனி கனக்கும், கடுங்குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கும், இரண்டும் சேர்ந்து இதயத்தைத் தாக்கும். ஒவ்வொரு பனிக்காலத்திலும் பனி அள்ளும்போதே மாரடைப்பில் விழுகிறவர்கள் உண்டு. தூக்கி எறியாமல் தள்ளுங்கள், இடையிடையே நில்லுங்கள். ‘நானும் வருகிறேன்’ என்று ஐம்பது தாண்டியவர் யாராவது இறங்கினால் அவர் கையில் ஒரு குவளைத் தேநீரைக் கொடுத்து மேற்பார்வைக்கு நியமித்துவிடுங்கள். வாசலோடு, வீட்டின் வெளிச்சுவரில் உள்ள ஹீட்டர் புகைப்போக்கியைச் சுற்றியிருக்கும் பனியையும் அகற்றுங்கள். அது அடைபட்டாலும் அதே கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும்.

நடைபாதை: அறுந்து விழுந்த கம்பி ஒன்று பொறி எதுவும் இல்லாமல் கிடக்கிறது.

உயிரோடு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் தள்ளி நின்று மற்றவர்களைத் தடுங்கள். பனி மூடிய கம்பி கண்ணுக்கே தெரியாது. காரின் மேல் விழுந்திருந்தால் உள்ளே இருப்பவர், தீ பிடிக்காதவரை, இறங்கக் கூடாது.

இருட்டுப் பக்கம்: எதிர்வரிசையில் விளக்கு எரிகிறது, எங்கள் வரிசையில் இல்லை. மூன்று நாளாகிறது. எங்களை மறந்துவிட்டார்களா?

மறக்கவில்லை. முதலில் பெரிய கோபுரக் கம்பிகள், பிறகு துணை மின்நிலையம், பிறகு மருத்துவமனைக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கும் போகும் தடங்கள், கடைசியில்தான் கிளைக்கம்பிகள். எதிர்வரிசை வேறு கிளையில் இருக்கும். 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில், பட்ட இடத்திலேயே பனிக்கட்டியாகும் உறைமழை கொட்டி ஏறத்தாழ 1,000 எஃகுக் கோபுரங்கள் மடங்கி விழுந்தன. சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப ஒரு மாதமாயிற்று. கோபுரம் விழுந்தால் பழுதுபார்ப்பதல்ல, புதிதாகக் கட்டுவதே வேலை.

சாலையின் குறுக்கே கம்பி இழுத்து மின்சாரம் வாங்க நினைக்காதீர்கள். பனி வாருகிற வண்டி அதை இழுத்துக்கொண்டு போகும். நீங்களே சாலையைக் கடந்து போய்விடுங்கள். போகும் முன் வீட்டின் தலைமைத் தண்ணீர் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள். நீர் உறையும்போது 9 சதவீதம் விரியும். குழாய் அதற்கு இடங்கொடுக்காது. அடுப்பு, ஹீட்டர் சுவிட்சுகளை அணைத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே மின்சாரம் வந்தது தெரியும்.

எதிர்வீடு (மீண்டும்): உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்ன ஆனார்?

மருத்துவமனையில் இரண்டு இரவு. பிறகு மின்சாரம் வரும்வரை என் வீட்டுக் கூடத்தில் இருந்தார். என் மெத்தையைக் குறை சொன்னார். அவர் வீட்டுச் சாவி ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது, என்னுடையது அவரிடம். போன குளிர்காலத்தில் ஒருநாள் ஆறு மணி நேரம் மின்சாரம் இல்லை. காலையில் கதவைத் தட்டியவர் அவர்தான். என் சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, ‘நேற்று இரவு எந்த அறையில் படுத்தீர்கள்?’ என்று கேட்டார்.