சென்னை மழைக்குச் சேலத்துக் கணக்கு உதவாது

கேள்வி: நவம்பர் இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளுக்குச் சென்னையில் திருமணம். முடிந்த கையோடு திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை. பிள்ளைகளுக்குப் பதினொன்றும் ஆறும் வயது. இருவரும் கடலைப் பார்த்ததே இல்லை. முழங்கால் வலியுள்ள மாமியாரும் உடன் வருகிறார். தொலைக்காட்சியைத் திறந்தால் மழைச் செய்திதான். சுற்றலாமா, திருமணத்தோடு திரும்பிவிடலாமா? காரில் போவதா, ரயிலிலா? – ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: தாராளமாகச் சுற்றலாம். ஆனால் சேலத்து மழையில் பழகிய கணக்கை அங்கே எடுத்துப் போகாதீர்கள். இருபது ஆண்டுகளாக இங்கிருந்து குடும்பங்களை ஊர் ஊராக அனுப்பிவைக்கிறேன். நம்மவர்கள் சென்னையில் நனைந்து, சலித்து, பாதியில் திரும்புவதற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் காரணம்.

நமக்கு மழை என்றால் மாலை. பகலெல்லாம் வெயில் காயும், மூன்று மணிக்குச் சேர்வராயன் மலைப்பக்கம் கருக்கும், விளக்கு வைக்கும் நேரத்தில் கொட்டும். அதனால் வெளிவேலையைக் காலையிலேயே முடிப்பது நம் வழக்கம். சென்னையின் வடகிழக்குப் பருவமழை பல நாட்களில் இதைத் தலைகீழாக்கிவிடும். இரவில் நிலம் குளிர்ந்து, தரைக்காற்று கடலை நோக்கி நகரும். எதிரே கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்றோடு அது கரையோரத்தில் மோதும். மேகம் அங்கேயே திரண்டு, நள்ளிரவுக்கு மேல் ஆரம்பித்து விடியற்காலை வரை பெய்யும். பொழுது ஏறிய பிறகு கரையோரத்தில் மழை ஓய்ந்து, பிற்பகலில் வெயில்கூட எட்டிப் பார்க்கும். காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி மெரினாவில் சூரிய உதயம் காட்டப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

எனவே காலையில் கூரைக்குள், இரண்டு மணிக்கு மேல் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது இரவு பகல் பாராமல் பெய்யும். அதைத் தெரிந்துகொள்ள வானிலை மையத்தின் எச்சரிக்கை நிறங்களைப் பாருங்கள். மஞ்சள் என்றால் பெரும்பாலும் ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை மழை, ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை, சிவப்பு என்றால் அதற்கும் மேல். மஞ்சளுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆரஞ்சு வந்தால் கடற்கரையை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு வந்தால் ஊர் சுற்ற அறையைவிட்டு நகராதீர்கள். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 140 செ.மீ.; அதில் 20 செ.மீ. ஒரே நாளில் இறங்கினால் தெரு என்னவாகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கார் வேண்டாம். சிவப்பு எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களின் பாடே அது என்றால், விடுதியின் தரைக்கீழ்த் தளத்தில் விட்டுவிட்டு நீங்கள் எப்படித் தூங்குவீர்கள்? ரயிலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் பதிவு செய்வார்கள். அது சென்ட்ரலில் இறக்கிவிடும் விடியற்காலைதான் மழைக்கு உகந்த நேரம். மாமியாரையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் ஆட்டோ தேட வேண்டாம். சனிக்கிழமை காலை கோவை எக்ஸ்பிரஸில் ஏறினால் பிற்பகல் இரண்டு மணியளவில் இறங்கிவிடலாம். அடைமழை நாட்களில் வியாசர்பாடிக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் ஏறினால், நம் பக்கத்து ரயில்களை ஆவடியிலோ அதற்கு முன்போ நிறுத்திவிடுவதும் உண்டு. ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வந்துவிடும்.

தங்க எழும்பூரைப் பாருங்கள். மெட்ரோ, புறநகர் ரயில் இரண்டும் அங்கே கிடைக்கும். அறை முதல் மாடிக்கு மேல் இருக்கட்டும். மின்சாரம் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு நீச்சல் குளத்தைவிட அது முக்கியம்.

திங்கள் காலை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கியது, வெள்ளிக்கிழமை மட்டும் விடுமுறை. பிள்ளைகள் திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க ஓடுவார்கள், ஓடட்டும். நீங்கள் மாமியாரோடு செப்புத் திருமேனிக் கூடத்தில் நில்லுங்கள். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கேதான் இருக்கிறார்கள். அர்த்தநாரீசுவரரின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தோளிலும் இடுப்பிலும் வரும் வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது. செவ்வாய்க்குக் கோட்டூர்புரம் பொருத்தம்: பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் ஒரே சாலையில் இருக்கின்றன. நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் சின்னவனை விட்டால் கிளப்புவதுதான் சிரமம். செவ்வாயன்று வண்டலூர் பூங்காவும் தட்சிணசித்ராவும் திறப்பதில்லை. யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

கடலுக்குத் திங்கட்கிழமையே போய்விடுங்கள். புதனுக்குத் தள்ளி வைத்தால், அன்று ஆரஞ்சு வந்து பிள்ளைகள் முகம் தொங்கிவிடும். மூன்று மணிக்கு மெரினா, விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இறங்குங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-இல் மணலில் மரப்பாதை போட்டார்கள். அந்த டிசம்பரிலேயே புயல் அதைப் பெயர்த்துப்போட, மறுபடி சரிசெய்தார்கள். மாமியாரும் அலைக்கு அருகில் வரை வரலாம். பிள்ளைகள் கால் நனைப்பதோடு நிற்கட்டும். மழைக்காலத்தில் அலை திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். மேட்டூர் தண்ணீரில் நீந்தத் தெரிந்தவருக்கும் அது புதிது.

தேங்கிய தண்ணீரில் மட்டும் நடக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் தியாகராய நகரில் முழங்கால் தண்ணீரில் என் மகளைக் கைப்பிடித்து நடத்திப் போனேன். அவள் செருப்பு ஒன்று கழன்று முன்னால் மிதந்தது, சுழன்றது, சட்டென்று உள்ளே போய்விட்டது. வடிகால் மூடி இல்லாத இடம். எங்களுக்கு இரண்டு அடி தூரம். தெருவோர மின்பெட்டிகளின் பக்கமும் ஒதுங்க வேண்டாம்.

ஸ்வெட்டர் தேவையில்லை, அது ஏற்காட்டுக்கு. கடற்காற்றில் குடை மடங்கும். பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு வாங்குங்கள். துணி காய இரண்டு நாள் ஆகும், ஆளுக்கு இரண்டு செட் கூடுதலாக வையுங்கள். நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால் காலையில் போடும் பதத்துக்கு வந்துவிடும்.

திரும்பும்போது ஏற்காடு எக்ஸ்பிரஸ் தோதுதான், புதன் இரவு ஏறிவிடலாம். அன்று காலையிலேயே சிவப்பு அறிவித்துவிட்டால் மட்டும், சாலையில் தண்ணீர் ஏறுமுன் அறையைக் காலி செய்து, கிடைக்கிற பகல் ரயிலைப் பிடியுங்கள்.