மாரடைப்புக்குப் பின் அழற்சி: பி2எக்ஸ்7 மரபணு பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அடைப்பை நீக்கிய பிறகும் இதயத் தசையில் அழற்சி ஏன்? செல் சவ்வில் அயனிகள் வந்துபோகும் அயனி வாயிலுக்கு இதில் என்ன வேலை?

பதில்: சிதையும் தசைச் செல்கள் தம்முள் மில்லிமோலார் அளவில் இருந்த ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை வெளியே கொட்டிவிடுகின்றன. செல்லுக்கு வெளியே அவ்வளவு ஏ.டி.பி. இருந்தால் அது ஆபத்துச் செய்தி. 12ஆம் குரோமோசோமிலுள்ள பி2எக்ஸ்7 மரபணு தரும் வாயில் அதை உணர்கிறது. மேக்ரோஃபேஜ் என்ற, சிதைவுகளை விழுங்கும் வெள்ளணுவில் இந்த வாயில் திறந்ததும் சோடியமும் கால்சியமும் நுழைய, பொட்டாசியம் வெளியேறுகிறது. இந்தப் பொட்டாசிய இழப்புதான் முக்கியம்: உடனே என்.எல்.ஆர்.பி.3 புரதங்கள் ஒன்றுகூடி காஸ்பேஸ்-1 நொதியை முடுக்குகின்றன. அது இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சித் தூதுப் புரதத்தை, அதன் முன்வடிவத்தை வெட்டித் தயாராக்குகிறது. மேலும் வெள்ளணுக்கள் வந்து குவிய, காயத்தின் ஓரத்தில் பிழைத்திருக்கும் தசையும் அடிபடுகிறது.

கேள்வி: அப்படியானால் அழற்சியை முழுதாக அடக்கிவிடலாமே?

பதில்: கூடவே கூடாது. வெள்ளணுக்கள் இறந்த தசையை அகற்றினால்தான் தழும்பு உறுதியாகும். ஸ்டீராய்டு கொடுத்தால் இதயச் சுவர் மெலியலாம், கிழியவும் கூடும் என்ற அச்சம் உண்டு. ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஒரே ஒரு கண்ணியைத் தடுத்தால்? 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வில் 10,061 பேர். 3 மாதத்துக்கு ஒருமுறை 150 மி.கி. கனகினுமாப் என்ற எதிர்ப்புப் புரத மருந்து இன்டர்லூக்கின்-1 பீட்டாவைத் தடுத்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்து 15% குறைந்தன. உயிர்பறிக்கும் தொற்றுகளோ கூடின. மொத்த இறப்பு குறையவில்லை.

கேள்வி: சுண்டெலி மேக்ரோஃபேஜில் ஏ.டி.பி. சேர்த்தும் இன்டர்லூக்கின் வரவில்லை. எங்கே தவறு? (ஆய்வு மாணவர்)

பதில்: முதலில் எல்.பி.எஸ். என்ற பாக்டீரியா உறைப் பொருளை 3–4 மணி நேரம் கொடுத்தீர்களா? இல்லையேல் வெட்டுவதற்கான முன்வடிவமே உருவாகாது. பிறகு 5 மில்லிமோலார் ஏ.டி.பி., 30 நிமிடம். அதன் கரைசல் அமிலமாக இருக்கும், பி.எச். 7.4க்குக் கொண்டுவராவிட்டால் விளைவு நம்பத்தகாது. எலியின் இனத்தையும் பாருங்கள்: சி57பிஎல்/6 எலியில் வாயில் புரதத்தின் 451ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் லியூசின் இருப்பதால் வாயில் மந்தம். சோடியம் குளோரைடை பொட்டாசியம் குளோரைடாக மாற்றிய கரைசலில் இன்டர்லூக்கின் நின்றுவிட்டால், பொட்டாசிய வழி வேலை செய்கிறது என்று உறுதி.

கேள்வி: இந்த மரபணுவைச் சோதித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மனித வாயில் புரதத்தின் 496ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் வரும் மாற்றம் வாயிலை மந்தமாக்கும். ஆனால் அதை வைத்து எந்த மருத்துவரும் மருந்தை மாற்ற முடியாது.

கேள்வி: கோல்சிசின் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து உதவுமா?

பதில்: தினம் 0.5 மி.கி. 2019இன் கோல்காட் ஆய்வில் பலன் தந்தது, 2024இன் கிளியர் ஆய்வில் தரவில்லை. இதய மருத்துவரே முடிவு செய்யட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தோடு சேர்ந்தால் நஞ்சாகும்.